ஐசில்டாவின் கறுப்புப் புட்டி

"ஸ்பூனை நீட்டாதீங்க அத்தை. அதுல ரிசினோலிக் அமிலம் இருக்கு. குடல்ல இறங்கினா உள்ள இருக்கிற மொத்தத்தையும் உலுக்கித் தள்ளிடும். பிள்ளைகளுக்குப் பாடமே நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

தலைநகர் கிங்ஸ்டனில் வேதியியல் டீச்சரான வின்சம், வருங்கால மாமியாரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஐசில்டாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆகஸ்ட் கடைசியில் ஆமணக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவாத வீடு அந்தத் தீவில் உண்டா?

"விடும்மா," என்றான் மகன் ஆர்வில். "ஞாயித்துக்கிழமை கல்யாணம். என்னைக் கக்கூஸ்லயே குடியிருக்கச் சொல்றியா?"

கணவர் லெஃபோர்ட் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"சரி, அழுக்கு வயித்தோடயே மோதிரம் மாத்திக்கோங்க, எனக்கென்ன!" என்று புட்டியை மூடிவிட்டு, மருமகளோடு டம்ப்ளிங் உருண்டைக்கு மாவு பிசையப் போனாள்.

சாப்பிட்டு முடித்ததும் வின்சம் அலறினாள்.

"என் மோதிரம்! பிசையறப்போ கழட்டிப் பாத்திரத்து விளிம்புல வெச்சேனே!"

ஆர்வில் ஒரு வருடம் கப்பலில் தட்டுக் கழுவி வாங்கிய நிச்சயதார்த்த மோதிரம். அடுப்படியைக் கவிழ்த்துப் பார்த்தும் காணோம்.

"ஐயோ, மாவுல விழுந்திருக்குமோ?" ஐசில்டா தலையில் அடித்துக்கொண்டாள். "இவரு வேற எதையும் மெல்லாம முழுங்குவாரே!"

"நான் மட்டுமா தின்னேன்? உன் பையன் எட்டு உருண்டை தின்னான்!" என்று சீறினார் லெஃபோர்ட்.

வின்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை... அந்தப் புட்டி எங்க?"

எல்லோரும் குடித்தார்கள். நியாயம் என்றால் எல்லோருக்கும்தான் என்று ஐசில்டாவும் ஒரு மடக்கு குடித்தாள். வீட்டிலிருந்தது ஒரே கக்கூஸ். லெஃபோர்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோப்புக்கு ஓடினார். "பாக்காம தண்ணி ஊத்திடாதீங்க!" என்று வின்சம் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

சாயங்காலம், கழுவித் துடைத்த மோதிரத்தோடு ஐசில்டா வந்தாள். "கிடைச்சிடுச்சு!"

வின்சம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "யார்கிட்டருந்து அத்தை?"

"நல்ல குடும்பத்துல அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

மற்ற மூவரும் துவண்டு படுத்தார்கள். வயிறும் மனசும் லேசாகி, ஐசில்டா அடுப்படிக்குப் போய்த் தலைத்துணியை அவிழ்த்தாள். மாவு பிசைந்த நேரத்திலிருந்து மோதிரத்தை முடிந்து வைத்திருந்த மூலையை நன்றாக நீவிவிட்டாள்.

"அடுத்த ஆகஸ்ட்டுக்கு அவ கம்மல்," என்று சொல்லிப் புட்டியை அலமாரியில் பத்திரமாக வைத்தாள்.