பூட்டாத கணினி

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நடந்தது இது. பல்கேரியாவில், எங்கள் பிளவ்டிவ் நகர அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் அருகே நின்று கேட்டது. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம். கணினியைப் பூட்டாமல் யாராவது எழுந்து போனால், அந்தப் பக்கம் வருபவர் அதிலிருந்தே எல்லோருக்கும் மெயில் போடுவார்: "இன்னிக்கு பனிட்சா என் செலவு." பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தைப் பூட்டாதவர் எல்லோருக்கும் வாங்கித் தந்தே ஆக வேண்டும்.

டைரக்டர் வெல்செவ் மட்டும் தினமும் பூட்டாமல் போவார். ஒருவரும் தொட்டதில்லை.

ஒரு நாள் அவர் பெயரிலும் அதே பனிட்சா மெயில் வந்தது.

மேலாளர் பிளாமென் நேராக சோர்னிட்சாவிடம் வந்தார். அவள் புதியவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"நீயா?"

"நான்தான்."

"பைத்தியமா உனக்கு? மன்னிப்பு கேட்டு ஒரு மெயில் போடு."

"போன வாரம் நான் மறந்தப்ப என் பேர்ல போட்டது நீங்கதானே? ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க. மன்னிப்பு ஒண்ணும் கேக்கலையே."

"அவர் டைரக்டர்மா."

"அவர் பூட்டறதில்லன்னுதான் நீங்களும் பூட்டறதில்ல. உங்களைப் பாத்து உங்க ஆளுங்களும்."

பின்னால் வெல்செவ் நின்றிருந்தார்.

"என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"தொட்டேன். ஊர்ப்பட்ட நோயாளிங்க விவரம் நம்மகிட்ட இருக்கு. உங்க கதவு திறந்து கிடந்தா, நாங்க பூட்டி என்ன பிரயோஜனம்?"

"உன் வேலை இன்னும் நிரந்தரமாகல. தெரியுமில்ல?"

"தெரியும். அனுப்பறதுன்னா அனுப்புங்க. மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

வெல்செவ் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சோர்னிட்சா தன் கோப்பையைப் பைக்குள் வைத்தாள்.

"நல்லா இருந்த வேலை," என்றார் பிளாமென்.

மதியத்துக்குள் வெல்செவ் திரும்பினார், இரண்டு கைகளிலும் சூடான பனிட்சாத் தட்டுகளோடு.

"பூட்டாதது என் தப்பு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முதல் துண்டு சோர்னிட்சாவுக்கு. பிறகு பிளாமெனைப் பார்த்தார். பிளாமென் எழுந்து போய்த் தன் கணினியைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டார்.

டைரக்டரையே ஒரு சின்னப் பெண் தலைகுனிய வைத்தாள் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் நான் விசாரித்தேன். டைரக்டர் வேலை செய்யும் மடிக்கணினி எப்போதும் பூட்டியபடி அவர் பையிலேயே இருக்குமாம். மேசையில் திறந்து கிடந்தது வேறொரு கணினி; அதில் மெயில் அனுப்பலாம். வேறு எதையும் திறக்க முடியாது. ஆரம்பத்திலேயே அப்படி அமைத்துத் தரச் சொன்னவர் வெல்செவ்தான்.