காரை

"சொரண்டாதலே! கையை வெளிய எடு!"

செல்வதுரை போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடை ராமசுப்பு, அவருடைய பாய்லருக்குள் விட்டிருந்த கையை உதறிக்கொண்டு எடுத்தான்.

"என்னண்ணே இது, உள்ள விரக்கடை கனத்துக்கு உப்புக் காரை பிடிச்சிருக்கு?"

"பின்ன? நம்ம ரெட்டியபட்டிக் கிணத்துல பன்னீரா ஊறுது? அந்தக் காரைதாம்லே சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அதைச் சொரண்டுனா பாய்லருக்கு உசுரு போச்சு."

அதில் பாதி உண்மை. மீதியை செல்வதுரை சொல்லவில்லை.

திருச்சுழி ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டே டீக்கடைகள். செல்வதுரையின் செம்புப் பாய்லருக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் ஈயம் பூசுகிறவன் வந்து, நடுவில் கரி போடும் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உப்பு தின்னு செம்பெல்லாம் சல்லடையாப் போச்சு. காரைதான் தண்ணியத் தாங்கிக்கிட்டு நிக்கு. ஒட்டுப் போடவும் ஏலாது. காரை பேந்த அன்னைக்குக் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

உலகச் சண்டை முடிந்து இரண்டு வருஷமாகியும் புதுச் செம்புச் சாமான் அருப்புக்கோட்டையிலும் கிடைக்கவில்லை, மதுரையிலும் கிடைக்கவில்லை. பாய்லர் போனால் செல்வதுரை பழையபடி கல்லுடைக்கப் போக வேண்டும். பத்து வருஷம் உடைத்த கை அது. மறுபடி சம்மட்டி பிடிக்க அதற்கு ஆசை இல்லை.

அந்த நேரத்தில்தான் ராமசுப்பு தானாக வந்து, பாய்லருக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"பஞ்சு வண்டிக்காரக கூட்டம் கூடிப்போச்சுண்ணே. உங்க பாய்லரு பெருசு. என் பாய்லரை எடுத்துக்கிட்டு அதைக் குடுங்களேன்."

செல்வதுரை ரோட்டைத் தாண்டிப் போய் ராமசுப்புவின் பாய்லரை எட்டிப் பார்த்தார். உள்ளே கண் கூசியது. பொட்டுக் காரை இல்லை.

"எப்படிலே இது?"

"புளியைக் கரைச்சு ஊத்தி மூணு நாளு ஊறவச்சுத் தேய்ச்சேண்ணே. கை வெந்துபோச்சு."

செல்வதுரை விவரமானவர். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பச் சொன்னார். உச்சிப்பொழுதிலிருந்து சாயங்காலம் வரை அடியில் சாக்கை விரித்துவைத்துப் பார்த்தார். சாக்கு ஒரு சொட்டு நனையவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி இன்பராணியிடம் குசுகுசுத்தார்.

"பாவங்க அந்தத் தம்பி" என்றாள் அவள். "நேத்துத்தான் மாட்டுக்குச் சொகமில்ல, அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன்னு நம்ம கடையில நாலு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போச்சு. அதுகிட்டப் போயி..."

"சாமிக்குப் பயந்தவன்ல? அவன்கிட்டதான் இதைத் தள்ள முடியும். வாயை மூடு."

மறுநாள் டீ குடிக்க வந்த வேதக்கோயில் உபதேசியார் ஞானையாவைச் செல்வதுரை சாட்சிக்கு உட்கார வைத்தார்.

"உபதேசியாரே, நல்லாக் கேட்டுக்கோங்க. கை மாறுனா மாறுனதுதான். ஓட்டைங்கிறது, ஒடசல்ங்கிறது, அந்தப் பேச்சே ரெண்டு பக்கமும் கூடாது. இன்னொண்ணு, இவன் காரையைச் சொரண்டக் கூடாது."

"சொரண்ட மாட்டேண்ணே. எங்க அய்யனாரு மேல சத்தியம்" என்றான் ராமசுப்பு. "அண்ணே, எதுக்கும் என்னுதுல ஒருதரம் கரியப் போட்டுக் கொதிக்க வச்சுப் பாத்துக்கிறீகளா?"

கொதிக்கிற வரை காத்திருந்தால் இவன் மனசு மாறிவிடுமே என்று செல்வதுரைக்குப் பக்கென்றது.

"எதுக்குலே? உன் வாக்குப் போதாதா?"

உபதேசியார் தலையாட்டினார். இருவரும் ஆளுக்கொரு பாய்லரைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவில் ஒருவரையொருவர் கடந்து போனார்கள். பெரிய பாய்லரை ராமசுப்பு கைக்குழந்தையைப் போல ஆடாமல் அசையாமல் கொண்டுபோனதைப் பார்த்துச் செல்வதுரையால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் செல்வதுரை புதுப் பாய்லருக்குத் திருநீற்றுப் புதன் சாம்பலைப் போலப் பயபக்தியோடு கரி அள்ளிப் போட்டுப் பற்றவைத்தார். ஏழு மணி பஸ்ஸுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கரி கனன்றது. தண்ணீர் லேசாக முனகியது.

அப்புறம் குழாய்க்குள் சொட்டென்று ஒரு சத்தம். பிறகு நாலைந்து. அடுத்த நிமிஷம் புஸ்ஸென்று புகை கிளம்பி, கரியெல்லாம் கறுத்து, பாய்லரின் அடியிலிருந்து சாம்பல் தண்ணீர் ஓடி பெஞ்சுக்காரர்களின் காலை நனைத்தது.

உள்ளேயிருந்து வந்த இன்பராணி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, கடைக்குள்ள கோயில் வாடை அடிக்குது?"

செல்வதுரை குனிந்து பார்த்தார். ஓடிவந்த தண்ணீர் தரையில் ஆற ஆற, அதன்மேல் மெழுகு வெள்ளை வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது.

எதிர்க்கடையில் அவருடைய பழைய பாய்லர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்ற ராமசுப்பு ஒரு கிளாஸை உயர்த்திக் காட்டினான்.

"வாங்கண்ணே, டீத்தண்ணி குடிக்கலாம்! வாக்குக் குடுத்தபடி காரையைத் தொடவே இல்ல. என்னுதையும் சொரண்டாம விட்டிருந்தா, இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும்!"