அலாரம் அடித்தால் வரிசை

தீயணைப்பு அதிகாரி ராயப்பராஜ் பள்ளிக்குள் நுழைந்ததுமே தலைமையாசிரியை ரூபிக்கு வியர்த்தது. இன்று சான்றிதழ் கிடைக்காவிட்டால் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான்.

"மணியடிக்கிற பழைய தண்டவாளத் துண்ட எடுத்துட்டு அலாரம் மாட்டிட்டீங்க, சரி. அது அடிச்சா என்ன செய்யணும்னு பிள்ளைகளப் பழக்குனீங்களா?"

"தினமும் நடக்குது சார்."

அவர் நம்பவில்லை. பொத்தானை அழுத்தினார்.

கண்மூடித் திறப்பதற்குள் மொத்தப் பள்ளியும் மைதானத்தில் நின்றது. தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. சின்னப் பிள்ளைகள் முன்னால், பெரிய பிள்ளைகள் பின்னால். எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

"என் சர்வீஸ்ல இம்புட்டு ஒழுங்கப் பார்த்ததே இல்ல டீச்சர்!" என்றவர், நின்ற இடத்திலேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "போதும், வகுப்புக்குப் போகச் சொல்லுங்க."

ஒருத்தரும் நகரவில்லை. முன்வரிசையில் நின்ற ஹரிணி, முதுகுக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சோறு வாங்காம எப்படி சார் போறது?"

அதற்குள் சத்துணவு சமைக்கும் காளியம்மாள் கரண்டியோடு ஓடிவந்தார்.

"இன்னும் கொழம்புக்கு மொளகாயே தாளிக்கல டீச்சர்! அதுக்குள்ள எப்படி அடிச்சுச்சு?"