ஹம்பியில் பதினொரு பேர்

2046 ஜனவரி 9, ஹம்பி. நான்கு நாள் சுற்றுலாவுக்கு வந்த வேனில் பதினொரு பயணிகள் இருந்தார்கள். பயணம் கலகலப்பாக இருக்கட்டும் என்று சம்பளத்துக்குச் சகபயணிகளை அமர்த்துவது அப்போது நிறுவனங்களின் வழக்கம். அது யார் யார் என்று பயணம் முடியும்வரை சொல்ல மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் கதிரேசன் முதல் நாளே ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். நாமக்கல்லில் இருந்து தனியாக வந்திருந்த ரஞ்சிதம், கதிரேசனின் மனைவி செண்பகத்தோடு அப்படி ஒட்டிக்கொண்டார். கல்தேர் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே டப்பாவில் புளியோதரை சாப்பிட்டார்கள்.

"அந்தம்மா சம்பளத்துக்குச் சிரிக்குது" என்றார் கதிரேசன்.

"உங்க ஜோக்குக்கு முப்பது வருஷமா நான் சிரிக்கிறேன். எனக்கு யார் சம்பளம் குடுத்தா?"

ஆனாலும் சந்தேகம் செண்பகத்துக்கும் தொற்றிக்கொண்டது. ரஞ்சிதத்துக்கு மூட்டுவலிகூடத் தன்னைப் போலவே இடது காலில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தாமரை மகால் வாசலில் ரஞ்சிதம், "ஊருக்குப் போயும் பேசுவோம், நம்பர் குடுங்கக்கா" என்றார்.

"வேலை முடிஞ்சப்புறம் நம்பர் எதுக்கும்மா?" என்றார் செண்பகம்.

ரஞ்சிதம் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை தனியாக ரயிலேறிப் போய்விட்டார்.

அன்று மாலை கைபேசிக்கு ஒரு படிவம் வந்தது. சகபயணிகளாக உடன் வந்த ஊழியர்களுக்கு மதிப்பெண் கேட்டிருந்தார்கள். அதில் எட்டுப் பெயர்கள் இருந்தன. ரஞ்சிதத்தின் பெயர் இல்லை.

செண்பகம் வழிகாட்டியிடம் போய் ரஞ்சிதத்தின் நம்பரைக் கேட்டார். பயணிகளின் நம்பரைத் தர அனுமதி இல்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.