மூன்றாம் ஓலை

அவன் வந்தேவிட்டான்.

பூங்காவின் பக்கவாசலை ஒட்டிய பெஞ்சில், பேராலயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான் தணிகை. அங்கிருந்து கோயிலுக்குள் போகப் பத்து எட்டு போதும்.

நீரூற்றுத் திண்டில் இருந்த அவள் சுற்றிலும் பார்த்தாள்.

பிரெஞ்சுக்காரன் காலத்துத் தோட்டம். நூல் பிடித்த பாதைகள். இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட செடிகள். அவசரத்துக்கு ஒளிய ஒரு மரம் கிடையாது.

தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாதென்று அம்மாதான் அவளை வெளியே அனுப்பியிருந்தாள். ஓலை என்கிற கல்யாண அறிவிப்பைப் பூசையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்றோடு முடிகிறது. உள்ளே முதல் வரிசையில் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டாரும்.

முதல் இரண்டு ஞாயிறும் தணிகை ஊரில் இல்லை. விஷயம் தெரிந்து நேற்றுதான் போனில் கத்தினான்.

"உன் பேரைப் படிக்கட்டும். எல்லார் முன்னாடியும் உள்ள வந்து கேக்கறேன், எனக்குக் குடுத்த வாக்கு என்னாச்சுன்னு."

சொன்னால் செய்கிறவன்.

மாதாவே, அவன் வாயைக் கட்டு.

ஒலிபெருக்கி இருமியது. சாமியார் ஓலை வாசிக்கத் தொடங்கினார்.

"...மகள் அம..."

தணிகை எழுந்துவிட்டான்.

"...லோற்பவம்."

உட்கார்ந்தான். வேறு யாரோ பெண்.

அடுத்தது.

"மறைந்த சவேரிநாதர் மகள் மரிய பெர்னதெத். இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

தணிகை அசையவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே இருந்தான்.

பிறகு கொடியேற்ற அறிவிப்பு. பிறகு பாட்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊருக்கும் ஆபீசுக்கும் அவனுக்கும் அவள் அமுதா. சவேரிநாதர் என்ற அப்பாவும் ஊருக்குத் துரைதான். மாப்பிள்ளை பெயரோ அவனுக்குத் தெரியவே தெரியாது. ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இருப்பதை மூன்று வருடத்தில் அவள் சொன்னதில்லை. கோயில் பக்கமே வராதவனுக்கு எப்படித் தெரியும்?

தப்பித்தாள்.

திரும்பியவன் அவளைப் பார்த்துவிட்டான். பாதையை விட்டுவிட்டு, செடிகளைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான். வந்து நின்றவன் முகமெல்லாம் சிரிப்பு. கண் கலங்கியிருந்தது.

"உன் பேர் வரவே இல்லியே! வேணாம்னு சொல்லிட்டியா? எனக்குத் தெரியும் அமுதா, நீ சொல்லிடுவன்னு."

அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவன் உள்ளே போய்க் கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பக்கவாசலில் மாப்பிள்ளையின் அம்மா. ஓலையில் கேட்ட பெயரை ஆசையாக வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"பெர்னதெத்! எங்கம்மா இருக்க? மரிய பெர்னதெத்!"

தணிகை திரும்பிப் பார்த்தான்.

"யாரையோ கூப்பிடறாங்க."

"ஆமா," என்றாள். "யாரையோ."

குரல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

அவள் திண்டைவிட்டு எழவில்லை.