இந்த வருஷ மாடல்

“இன்னும் இந்த டப்பாவையா வச்சிருக்கீங்க, அக்கா?”

சிறுசேரி ஆபீஸில், தன் புது போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தபடி கேட்டான் ஜெஃப்ரி. முதுகிலிருக்கும் மூன்று கேமராவும் ஊருக்கே தெரிய வேண்டுமே!

“நல்லாத்தானே இருக்கு,” என்றாள் ஈவ்லின். அவளுடையதும் அதே கம்பெனி போன்தான். ஏழு வருடப் பழைய மாடல்.

“இதோட சார்ஜர் பின்னைக்கூட கம்பெனிக்காரன் தூக்கிட்டான். இப்ப எல்லாமே டைப் சி. நான் வருஷா வருஷம் புது மாடலுக்கு மாறிடுவேன்க்கா. இதெல்லாம் மியூசியத்துல வைக்க வேண்டியது.”

ஈவ்லின் சார்ஜரிலிருந்து தன் போனைப் பிடுங்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போனாள்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பியவள் திகைத்து நின்றாள். அவளுடைய சார்ஜரில் ஜெஃப்ரியின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏன் ஜெஃப்ரி, டைப் சி போன்ல என் பழைய பின் எப்படிச் சேருது?”

ஜெஃப்ரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“உள்ள இருக்கிறது உங்க மாடல்தான்க்கா. தாம்பரத்துல ஒரு கடையில, புது மாடல் வரும்போதெல்லாம் அதே மாதிரி பின்பக்க மூடியை மட்டும் மாத்திக்குவேன்.”

“அடப்பாவி! இது ஏமாத்து வேலை இல்லையா?”

“கம்பெனிக்காரன் மட்டும் வேற என்னக்கா பண்றான்?”