லேட் ஃபீஸ் கிடையாது

"லேட் ஃபீஸே வேண்டாம்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

கேட்டது வீடியோ கடைக்காரரின் மனைவி. அவர் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளின் பிரிந்த ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். 'இனி மாதச் சந்தா மட்டும். லேட் ஃபீஸ் கிடையாது. கேசட்டை முடிந்தபோது தந்தால் போதும்.'

பதினோரு வருடமாக, கேசட் திரும்பி வர ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் கறாராக வசூலித்தவர். சொந்த மச்சானையே விட்டுவைக்காதவர். கடை வாடகையே அந்தக் காசில்தான் ஓடியது. இப்போது மூன்று வாரமாகப் புதுப் படம் ஒன்றுகூட அலமாரிக்குத் திரும்பவில்லை.

"வீட்டுத் தரகர்கிட்ட நாலு கேசட் தூங்குது. கேட்டா, 'அதான் சந்தா கட்டிட்டேனே'ன்னு பல்லைக் காட்டுறார். பக்கத்துத் தெருக் கடைக்குப் பயந்தா இப்படிப் பண்றீங்க?"

"பயமெல்லாம் இல்ல. விடேன்."

"என்னத்த விடறது?"

கதவு திறந்தது. தோளில் ஆபீஸ் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உடைந்த பெட்டியை ரப்பர் பேண்ட் பிடித்திருந்தது.

"இருபத்தாறு நாள் லேட். எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க."

மனைவியின் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தாள். "பெட்டியும் உடைஞ்சிருக்கே. அதையும் சேர்த்து..."

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் கடைக்காரர்.

"நீங்க சும்மா இருங்க! சந்தா ஒண்ணாம் தேதியிலேர்ந்துதானே? இது அதுக்கு முந்தி எடுத்தது." மனைவி அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "ஏம்மா, இத்தனை நாள் வெச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"எங்கிட்ட இல்லைங்க. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்துச்சு. நேத்துதான் கொடுத்தாங்க. அடிபட்டு விழுந்தப்போ அவர் கையில இருந்ததாம்."

பேனா நின்றது. போன மாதக் கடைசியில் வாசலுக்கு எதிரே நடந்த விபத்து மனைவிக்கும் தெரியும். செத்துப்போனவர் தங்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்பது தெரியாது.

"எங்க வீட்டுக்காரர் யாருக்கும் பாக்கி வெச்சதில்லைங்க" என்று அந்தப் பெண் பர்ஸைத் திறந்தாள். "வாங்கிக்கிட்டு அவர் பேரை அடிச்சிடுங்க."

"பாக்கியே இல்லம்மா." கடைக்காரர் கேசட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே எதிர் பிளாட்பாரத்துக்கு வந்துட்டார். கேசட்டைத் தூக்கிக் காட்டினார். வண்டியெல்லாம் போகட்டும்னு பொறுமையா நின்னுக்கிட்டுதாம்மா இருந்தார்... நான்தான் சிரிச்சுக்கிட்டே வாட்ச்சைத் தட்டிக் காட்டினேன்."